இடது பக்கத்து சீட்

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு புங்கமரம், மரத்தடியில் ஒரு பெரிய பிக்கப் வண்டி. மடத்தின் சொத்து அவ்வளவுதான். வண்டி யாரோ ஒரு பக்தர் கொடுத்தது.

மடத்தை நடத்தியவரை எல்லோரும் மடத்தம்மா என்றே கூப்பிட்டார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. இங்கே வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் சிரிப்பார். வண்டி நன்றாக ஓட்டுவார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

அவருக்கு இருந்த ஒரே சீடர் பொன்னுரங்கம். சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. பல வருஷங்களுக்கு முன் ரேடியேட்டர் கொதித்துப்போய், தண்ணீர் கேட்டு மடத்துக்குள் வந்தவர். வண்டி ஆறும்வரை அம்மா பேசியதைக் கேட்டார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து கூடத்தில் உட்கார ஆரம்பித்தார். அம்மா அவரைச் சீடர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவராகவே சொல்லிக்கொண்டார். ஊரில் கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பொன்னுரங்கத்தின் தொழில் மரவள்ளிக் கிழங்கு. தோட்டத்தில் பிடுங்கிய கிழங்கை ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போவார். போகும்போது வண்டி நிறைய பாரம். திரும்பும்போது வெறும் வண்டி. கிழங்கு இல்லாத மாதங்களில் தக்காளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகமே சரியில்லை. வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா." அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுட்டேன். புதுசு எடுக்கணும். சின்னது எடுக்கிறதா, பெரிசு எடுக்கிறதா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மோட்சத்தைப் பத்திக் கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"அதை அப்புறம் கேக்குறேங்கம்மா. ஷோரூம்காரர் நாளைக்குள்ள சொல்லச் சொல்றார்."

"சரி. சின்னதுல என்ன விசேஷம்?"

"குட்டி யானைம்மா. முக்கால் டன் ஏத்தலாம். சந்து பொந்தெல்லாம் நுழைஞ்சு போகும். டீசல் கம்மியாக் குடிக்கும். ஆனா ரெண்டு நடை போகணும்."

"பெரிசுல?"

"வாசல்ல நிக்குதே, அது மாதிரி. ஒன்றரை டன் ஏத்தினாலும் அசையாது. ஒரே நடையில முடிஞ்சுது வேலை. மில்லு வாசல்ல போய் நின்னா ஒரு மதிப்பு."

"மனசு எதுல இருக்கு?"

"பெரிசுலதாம்மா."

"அப்போ எடுத்துடுங்க."

பொன்னுரங்கம் எழுந்திருக்கவில்லை. ஒரு கீரைக் காம்பை எடுத்து இரண்டாக ஒடித்தார். நாலாக ஒடித்தார்.

"இன்னும் என்ன?" என்றார் அம்மா.

"எந்த வண்டி எடுத்தா பாக்கியம் மறுபடி கூட வருவாம்மா?"

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

பாக்கியம் அவர் மனைவி. கல்யாணமாகி முதல் வண்டி வாங்கிய நாளிலிருந்து இடது பக்கத்து சீட் பாக்கியத்துடையது. மில்லில் எடை போடும்போது பொன்னுரங்கம் டீ குடிக்கப் போய்விடுவார். தராசை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பது பாக்கியம். மில்லில் உள்ளவர்களுக்குப் பொன்னுரங்கத்தைவிட அந்தம்மாளிடம்தான் பயம்.

"அதெல்லாம்கூடப் பெரிசு இல்லம்மா," என்றார் பொன்னுரங்கம். "திரும்பி வருவோம் பாருங்க, அதுதான். வெறும் வண்டி. சாயங்கால வெயில். வேர்க்கடலை வாங்கி மடியில கொட்டிக்குவா. உரிச்சு உரிச்சு என் கையில வெப்பா. வாய் மட்டும் மில்லுக்காரனைத் திட்டிக்கிட்டே இருக்கும். ரேடியோ பாட்டுக்குப் பாடும். நம்ம ஏரிக்கரை திரும்புறதுக்குள்ள தூங்கிடுவா. கண்ணாடியில தலையைச் சாச்சு, வாயைத் திறந்துக்கிட்டு. நான் ஹாரனே அடிக்க மாட்டேன். பின்னாடி எவனாவது லாரிக்காரன் அடிச்சான்னா எனக்கு அப்படிக் கோவம் வரும்."

சொல்லும்போதே அவர் முகம் இளகிவிட்டது. ஏரிக்கரையைத் திரும்புகிறவர்போல ஒரு கை காற்றில் மெல்ல வளைந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் அந்த வண்டி பழசாச்சு. அடுத்த வண்டி எடுத்தோம். அதுல கொஞ்ச நாள்தான் வந்தா. முதல்ல முழங்கால் வலின்னா. அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லைன்னா. அப்புறம் காரணமே சொல்றதில்ல. நானும் கேக்குறதை விட்டுட்டேன். ஏழெட்டு வருஷமா ஒத்தையிலதான் போறேன், வரேன். கடலை வாங்கினா அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்குறேன். நல்லா இருக்குன்னு சொல்லுவா. அவ்வளவுதான்."

"அந்த ரெண்டாவது வண்டியில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா! எடுத்த அன்னைக்கே கோயில்ல பூஜை போட்டு, நேரா பட்டறைக்கு விட்டு, கமான்ல ரெண்டு பட்டை கூடுதலா வெச்சேன், முதல் வண்டியில அது இல்ல. எங்க பக்கம் எல்லாரும் செய்யறதுதான். இல்லேன்னா கிழங்கு பாரத்துக்குப் பின்பக்கம் தரையில உக்காந்துடும். பட்டை வெச்சதுக்கப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் கல்லு மாதிரி நின்னுச்சு."

அந்தப் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் முதலில் கோயில், அடுத்தது பட்டறை. எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் டயரில் காய்வதற்குள் சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் கமான் வில்லில் இரும்புப் பட்டை சேர்ந்துவிடும். சேர்க்காதவனைத் தொழில் தெரியாதவன் என்பார்கள்.

"வண்டி பார்க்க நல்லா இல்லைன்னு நினைக்குறாளோ என்னமோ," என்றார் பொன்னுரங்கம். "சீட்டு கிழிஞ்சுபோச்சு. கதவு சாத்தாது. மில்லு வாசல்ல புது வண்டிங்களுக்கு நடுவுல அது நின்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அதான் பெரிசா, புதுசா, அகலமான சீட்டா ஒண்ணு எடுத்தா பழைய மாதிரி வந்து உக்காருவாளோன்னு."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவா? உங்க இஷ்டம்னு சொல்லுவா."

அம்மா எழுந்து கை கழுவினார்.

"மலை மேல இருக்குற விடுதிப் பிள்ளைங்களுக்கு அரிசி போகணும். மூட்டையெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. போயிட்டு வந்து பேசுவோமா? நீங்களே ஓட்டுங்க."

பொன்னுரங்கத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும். சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மலை ஏறும் வழி முழுவதும் அவர் வாய் ஓயவில்லை. அரிசி மூட்டைகளின் பாரத்தில் வண்டி அலுங்காமல் போனது. வளைவுகளில் தொட்டில்போல மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது.

"பாத்தீங்களாம்மா? மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு. இதுதாம்மா வண்டி. இதுல வந்தா பாக்கியம் ஏரிக்கரை வரைக்கும் எங்க முழிச்சிருக்கப் போறா? ஏறி உக்காந்ததும் தூங்கிடுவா."

"நல்லாத்தான் போகுது," என்றார் அம்மா.

விடுதியில் மூட்டைகளை இறக்கினார்கள். சமையற்காரர் வரக்காப்பி கொடுத்தார். போன மாதத்துக் காலிச் சாக்குகளை மடித்து வண்டியின் பின்பக்கம் போட்டார்கள். கிளம்பும்போது அம்மா கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க. இறக்கத்துல நான் ஓட்டுறேன்."

பொன்னுரங்கம் பழக்கத்தில் வலது கதவுக்கே போனார். அங்கே அம்மா ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். இடது பக்கக் கதவை எத்தனையோ முறை துடைத்திருக்கிறார், எண்ணெய் விட்டிருக்கிறார், பாக்கியம் ஏறிய பிறகு வெளியிலிருந்து சாத்தியிருக்கிறார். அந்தக் கதவு வழியாக உள்ளே ஏறி உட்கார்ந்ததில்லை. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

வண்டி நகர்ந்தது.

முதல் குழி வந்தது. அம்மாவுக்கு அது வருவது தெரியும், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பொன்னுரங்கத்துக்குத் தெரியவில்லை. ஏறும்போது மெத்தையாக இருந்த வண்டி இப்போது பாரமில்லாமல் எகிறிக் குதித்தது. சீட்டிலிருந்து ஒரு ஜாண் மேலே போய், விழுந்தார். முதுகுத்தண்டில் ஒரு சுத்தியலடி விழுந்ததுபோல இருந்தது.

"அம்மா?"

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

அடுத்த குழியில் தலை கூரையில் இடித்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி இருந்தது. எட்டிப் பிடித்தார். எதிரே பஸ் வந்தது. ரோடோ ஒரு வண்டி போகிற அகலம். அம்மா ஒதுங்கிக் கொடுத்தார். வலது சக்கரங்கள் தாரில் இருந்தன. இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கி, கல்லில் ஏறி, மறுபடி மண்ணில் இறங்கின. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி. லாரிக்குப் பின்னால் ஒரு டிராக்டர். ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான் இறங்கியது.

கைப்பிடியின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து எரிந்தது. கையை எடுத்துப் பார்த்தார். சிவந்து கன்றியிருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. இரண்டாவது வண்டியில் பாக்கியம் இடது பக்கக் கைப்பிடியில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். கண்ணாடிக்கு மேலே அது அழுக்காகத் தொங்குவது பொன்னுரங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வண்டி கழுவும்போது அவிழ்த்து எறிந்துவிட்டார். அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துண்டு எங்கே என்று பாக்கியமும் கேட்கவில்லை.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பழைய சேலையை நாலாக மடித்துச் சீட்டில் போட்டுக்கொண்டு உட்காருவார் பாக்கியம். "மகாராணிக்கு சிம்மாசனம் கேக்குதா?" என்று இவர் கேலி செய்வார். மில்லில் எல்லோர் முன்னாலும் செய்வார். சிரித்துச் சிரித்துப் பொழுது போகும். கொஞ்ச நாளில் பாக்கியம் சேலை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் கழித்து வருவதையே நிறுத்திவிட்டார்.

"கொஞ்சம் மெதுவாப் போங்கம்மா."

"வேகமாவா போறேன்?"

பொன்னுரங்கம் எட்டி, வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். அவர் இந்த ரோட்டில் வழக்கமாகப் போகும் வேகம்தான்.

"இல்ல," என்றார். "நான் போறதுதான்."

வண்டி மறுபடி தூக்கிப்போட்டது. பல் பல்லோடு மோதியது. பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. குரு என்றும் பார்க்கவில்லை.

"என்னம்மா இது? இதுல நாலு கூடை தக்காளி இருந்திருந்தா இந்நேரம் கூழாயிருக்கும்!"

"தக்காளி இருந்தா நீங்க எப்படிப் போவீங்க?"

"நானா? பதமாப் போவேன். குழிக்குக் குழி பிரேக் போட்டு, சக்கரத்தைக் கையில தூக்கி வெக்குற மாதிரி இறக்குவேன். எதிர்ல வண்டி வந்தா நான் அகலமான இடத்துல நிறுத்தி, அவனைப் போக விட்டுட்டுத்தான் எடுப்பேன். டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குவேன். கூடை கம்மியா இருந்தா, வண்டி துள்ளாம இருக்க ரெண்டு மூட்டை மண்ணு அள்ளிப் பின்னாடி போட்டுக்குவேன். தக்காளி பாவம் என்ன பண்ணும், அது வாயைத் திறந்து சொல்லுமா..."



ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது.

"நிறுத்துங்கம்மா," என்றார்.

ஒரு ஓடைப் பக்கம் அம்மா வண்டியை ஓரங்கட்டினார். பொன்னுரங்கம் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின.  எத்தனை நடை, எத்தனை குழி, ஒரு தடவைகூட வண்டி தூக்கிப்போடுகிறது என்று அவள் சொன்னதில்லையே என்று நினைத்தார். கடலை உரித்துக் கொடுத்தவள் எந்தக் கையால் கைப்பிடியைப் பிடித்திருப்பாள் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க முடியாமல் அழுதார். அம்மா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஓடையில் முகம் கழுவிக்கொண்டார். பின்பக்கம் கிடந்த காலிச் சாக்குகளை எடுத்து ஓடை மணலை அள்ளி நிரப்பினார். அம்மாவும் இறங்கிவந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். மூட்டைகளைத் தூக்கிப் பின்சக்கரங்களுக்கு மேலாக அடுக்கினார்கள். பொன்னுரங்கம் குனிந்து நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, இடது பக்கக் கைப்பிடியில் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"சாவியைக் குடுங்கம்மா."

அம்மா கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறிக்கொண்டார்.

பொன்னுரங்கம் வண்டியை எடுத்தார். குழி வந்தால் பிரேக் போட்டு, சக்கரத்தை மெல்ல இறக்கினார். எதிரே ஏதாவது வந்தால் இடம் பார்த்து நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்தார். இடது சக்கரத்தைத் தாரை விட்டு இறங்க விடவில்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று வெகுநேரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு திருப்பத்தில் முந்திக்கொண்டு போனது. கண்டக்டர் படியில் நின்றபடி தலையை நீட்டினார்.

"என்ன பெரியவரே, மாப்பிள்ளை ஊர்வலமா?"

"ஆமாய்யா, நீ போ!" என்றார் பொன்னுரங்கம்.

மலை இறங்கி முடிந்தது. வெயில் சாய்ந்து வயல்மேல் மஞ்சளாகக் கிடந்தது. ரோட்டோரத்தில் ஒருத்தி வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வண்டிக்குள் வந்தது. முதல் வண்டியின் ரேடியோவும், மடியில் கொட்டிய கடலைத் தோலும், நிற்காத அந்த வசவும் அவருக்குப் பக்கத்திலேயே இருப்பதுபோல இருந்தன. ஏரிக்கரை திரும்பியது. ஏதோ சொல்ல வேண்டும் என்று இடது பக்கம் திரும்பினார்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை துண்டைப் பிடித்தபடியே தளர்ந்துபோயிருந்தது.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பொன்னுரங்கத்துக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கையை வெளியே நீட்டி அவனைப் போகச் சொன்னார்.

புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சத்தம் நின்றதும் அம்மா விழித்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் துண்டை அவிழ்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்:

"புரிஞ்சுபோச்சும்மா. இந்தப் பெரிய வண்டி வேண்டாம். வெறும் வண்டியா வந்தா ஆளைத் தூக்கிப்போடுது. நாளைக்கே ஷோரூம்காரர்கிட்ட சின்னதுன்னு சொல்லிடுறேன். சின்ன வண்டின்னா பாக்கியம் வருவா. இல்லீங்களா?"

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நல்லாத் தூங்கிட்டேன் ஐயா," என்றார். "இப்போ எந்த வண்டியில வந்தோம்?"